வாடை பிடிக்கும் பாவை

காரவள்ளியில் ஏறி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வருகிறவர்கள், மேலே வந்து சேர்வதற்குள் ஒரு கதையைக் கேட்டுவிடுவார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார், இல்லாவிட்டால் கைப்பேசியில் ஏதாவது ஒரு காணொளி சொல்லும். இந்த மலையில் ஒரு பெண் சிலை உண்டாம். தேவர்களும் முனிவர்களும் இங்கே வந்து தங்கியபோது அரக்கர்கள் அவர்களைத் துன்புறுத்தாமல் இருப்பதற்காகத் தெய்வத் தச்சன் செய்து நிறுத்தியதாம். அரக்கனின் உடல் வாடை காற்றில் வந்து பட்டதும் அது தானாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கண்டவன் மதி மயங்கி, ஆசை தலைக்கேறி, அதை நோக்கி நடந்து வந்து செத்து விழுவான். அதுதான் கொல்லிப்பாவை.

இந்த மலையின் ஊர்ப் பிரிவுகளை நாடு என்போம், அப்படி 14 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான எடப்புளி நாட்டில் பிறந்தவள் நான். கீழே போய்த் தமிழ் படித்து, இப்போது பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். கல்லூரி விடுதியில் என் ஊர்ப் பெயரைச் சொன்ன முதல் நாளே, "உங்க மலையில மந்திரம் வைப்பாங்களாமே, சிரிச்சே கொல்லுற சிலை இருக்காமே" என்று கேட்டார்கள். மூன்று வருடமும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பலாவும் மிளகும் சாமையும் விளைகிற மண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் பாவையைத் தேடிப் பழைய பாட்டுகளுக்குள் போனேன். போன இடத்தில் கண்டது விடுதியில் கேட்ட கதையாக இல்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வெளிநாட்டு நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்ரிக் ஜூஸ்கின்ட் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1985இல் வெளியிட்ட 'தாஸ் பர்ஃபூம்'. ஜான் உட்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அடுத்த ஆண்டே வந்தது. 2006இல் படமாகவும் எடுத்தார்கள். கதை 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் நடக்கிறது. பாரிசின் பழைய இடுகாட்டை ஒட்டிய மீன் சந்தையில், 1738இல், நாற்றத்துக்கு நடுவே பிறக்கிறான் கிரெனூய். உலகத்தில் உள்ள எந்த வாசனையையும் பிரித்தறியும் மூக்கு அவனுக்கு. ஆனால் அவன் உடம்புக்கென்று ஒரு வாசனை கிடையாது. ஒரு பெண்ணின் மணத்தை முதன்முதலாக முகர்ந்தபோதே அவளைக் கொன்றுவிடுகிறான். பிறகு கிராஸ் என்ற ஊருக்குப் போய், அத்தர் இறக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, 25 பெண்களைக் கொன்று அவர்களின் மணத்தைக் கொழுப்பில் ஏற்றி எடுக்கிறான்.

இந்த நாவலைப் படித்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை, ஓரிடத்தில் கொலைகாரன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனம் பதைத்தது, பிறகு அதற்காக வெட்கமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வர்ணனையின் வலிமை அப்படி. அவனுடைய மூக்கின் வழியாகவே எல்லாவற்றையும் நாம் அறிகிறோம். அதனால் அந்தப் பெண்கள் நமக்கு மனிதர்களாகத் தெரிவதற்கு முன்னால் வாசனைகளாகத் தெரிந்துவிடுகிறார்கள்.

மாசி மாதம் வீட்டில் மிளகு உதிர்க்கும்போது இந்தக் கதையை எங்கள் பெண்களுக்குச் சொன்னேன். பறித்த கொத்துகளைக் குவித்து, சாக்குப் போட்டு ஒரு ராத்திரி மூடி வைப்போம். மறுநாள் வாசலில் பரப்பிக் காலால் மிதித்தால் மணி கழன்று வரும். உள்ளங்கால் எரியும். பச்சை மிளகின் அந்தக் காரமான மணம் புடவை, கூந்தல், சோறு எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். அப்படி ஒரு நாளில் வாசனைக் கதை சொன்னால் கேட்பதற்கு ஆள் சேரத்தான் செய்யும்.

என் அத்தை கடைசிவரை பேசாமல் கேட்டாள். பிறகு, "செத்த புள்ளைங்களுக்குப் பேரு ஒண்ணும் இல்லியா கண்ணு?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். முதலில் சாகிற பெண்ணுக்குப் பெயர் இல்லை. கிராஸில் சாகிறவர்களில் கடைசிப் பெண் லோர் ஒருத்தியின் பெயர்தான் நினைவில் நிற்கிறது. மற்றவர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறார்கள். பக்கத்து வீட்டு ஆயா இன்னொன்று சொன்னாள்: "மேலுக்கு வாசமே இல்லாதவன்னா அவன் மனுசப் பொறப்பே இல்ல." நாவலிலும் கைக்குழந்தையாக இருக்கும் அவனுக்குப் பால் கொடுத்த தாதி இதையேதான் சொல்லி, இது பேயின் பிள்ளை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பிரெஞ்சு தாதியும் பக்கத்து வீட்டு ஆயாவும் ஒரே இடத்தில் வந்து நின்றது எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது.

அத்தை விடவில்லை. "அவன் இங்க வந்திருக்கணும். நம்ம பாவை அவன மோந்து பாத்திருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் இரண்டு கதைகளும் எனக்கு எதிரெதிராக நின்றன. அங்கே ஆண் முகர்கிறான், பெண் சாகிறாள். இங்கே பெண்ணுருவம் முகர்கிறது, வந்தவன் சாகிறான். எங்கள் பெண்கள் இந்தக் கதையைப் பயத்தோடு சொல்வதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு அது காவல்.

வாசனையைப் பற்றி எங்கள் ஆயா சொன்ன எச்சரிக்கைகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை இன்னும் புரியும். உச்சிப் பொழுதில் தலையில் பூ வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போகாதே. கறிக்குழம்பு கொண்டுபோனால் தூக்குச் சட்டி மேல் ஒரு கரித்துண்டு வை. குளித்த ஈரத் தலையோடு மரத்தடியில் நிற்காதே. தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கைகள் இல்லாத ஊரே இருக்காது. எல்லாவற்றிலும் மணத்தை மறைத்துக்கொள்ள வேண்டியவள் பெண். அவளுடைய வாசனைக்குப் பேய் வந்துவிடும், அது அவள் குற்றம். பாவையின் கதையில்தான், வருகிறவனின் வாடை குற்றமாகிறது.

ஆனால் நான் தமிழ் படித்தவள். அத்தையின் பாவையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. இந்த வாடையும் கொல்லும் சிரிப்பும் எப்போது வந்தன?

எட்டுத்தொகையில் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் பாவை வருகிறாள். கபிலர் பாடியிருக்கிறார், பரணர் பாடியிருக்கிறார், கல்லாடனார் பாடியிருக்கிறார். நான் படித்த அந்தப் பாட்டுகள் எதிலும் அவள் வாடை பிடிக்கவில்லை. எதிலும் அரக்கன் வரவில்லை. யார் செய்த பாவை என்பதில்கூட அவர்களுக்குள் ஒரே சொல் இல்லை. குறுந்தொகை 89இல் கரிய கண்ணுடைய தெய்வம் எழுதியது என்கிறார் பரணர். நற்றிணை 192 பூதம் செய்தது என்கிறது. அகநானூறு 209 நிலைபெற்ற கடவுள் ஆக்கியது என்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஆளுக்கொரு கதை இருந்திருக்கிறது. மலையின் மேற்குப் பக்கம் என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

மலை கைமாறிய வரலாறும் இந்தப் பாட்டுகளுக்குள்ளேயே கிடக்கிறது. கபிலரின் பாட்டில் இது வல்வில் ஓரியின் கொல்லி. பரணரின் பாட்டில் சேரன் பொறையனின் கொல்லி. இடையில் நடந்ததை அகநானூறு 209 சொல்கிறது: முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரருக்குக் கொடுத்துவிட்டான். அரசன் மாறினான், பாவை அப்படியே நின்றாள். ஆடி 17, 18 தேதிகளில் அரசு ஓரிக்கு விழா எடுக்கிறது, செம்மேட்டில் அவன் குதிரைமேல் சிலையாக இருக்கிறான். பாட்டுகளில் ஓரியை விட எனக்கு நெருக்கமானவர்கள் கபிலர் காட்டும் சிறுகுடி மக்கள்.

குறுந்தொகை 100, கபிலர் பாடியது. அருவிப் பக்கத்து நிலத்தில் மலைநெல் விதைத்திருக்கிறார்கள். களை எடுக்கிறார்கள். எடுக்கிற களையில் ஒன்று மரல், இன்னொன்று குளவி. குளவி என்பதை மலைமல்லிகை என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். கீழ்நாட்டில் காசு கொடுத்து வாங்கித் தலையில் வைக்கிற மணம் இங்கே பிடுங்கி எறிகிற களை! ஊருக்குக் காந்தள்தான் வேலி. பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். களை பிடுங்குகிற இந்தக் கைகளைக் காட்டிய பிறகுதான் பாவையின் பெயரைச் சொல்கிறார், தோள் பெருத்த ஒரு பெண்ணை அவளோடு ஒப்பிடுகிறார், மணப்பதற்கு அரியவள் என்று பெருமூச்சு விடுகிறார். பரணரின் 89ஆம் பாட்டிலும் பாவைக்கு ஒப்பானவள் உலக்கை பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே குற்றுகிற பெண்தான். அவள் பாடியதற்கு ஊர் வம்பு பேசுகிறது. இந்தப் பாட்டுகளில் பாவையோடு சேர்த்துப் பேசப்பட்டவர்கள் வேலை செய்கிற மலைப் பெண்கள்.

அந்தக் காந்தள் வேலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செங்காந்தள் இன்றைக்குத் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கீல்வாத மருந்துக்காக அதன் விதை மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பயிராகி வெளிநாட்டுக்குப் போகிறது. கண்வலிக் கிழங்கு என்று தெரியாமல் தின்றவர்கள் செத்துப்போயிருக்கிறார்கள். இந்த மலையில் கொல்லக்கூடிய அழகு ஒன்று உண்மையாகவே வேலியில் பூத்துக்கொண்டுதான் இருந்தது.

கொலை என்ற பேச்சு நற்றிணை 185இல் வருகிறது. அங்கே பேசுகிறவன் காதலன். காமம் கைமீறிப் போய்த் தோழியிடம் மன்றாடுகிறான். கொல்லிக்கு ஏறும் வழியைச் சொல்கிறான்: பாணர்கள் பரிசாகப் பெற்ற குதிரைகளின் குளம்பு பட்டுத் தேய்ந்த பாறைப் பாதை, இரவலர்கள் களைக்காமல் ஏறலாம். காந்தள் குலைகளில் பாய்ந்து தேனெடுத்து வண்டு கட்டிய அடை தொங்குகிறது. அந்த மலையில் தெய்வம் எழுதிய பாவையைப் போன்றவள் என்னைக் கொல்லப் பார்க்கிறாள், நான் நோவதா என்கிறான். அவள் ஒன்றும் செய்யவில்லை. காதல் நோயில் கிடக்கிறவன் அப்படிச் சொல்கிறான். அவ்வளவுதான்.

பரணரின் நற்றிணை 201 இன்னும் தெளிவு. அவள் கிடைக்க மாட்டாள், காவல் மிகுந்தவள், அவளை நினைப்பதை விடு என்கிறான் நண்பன். தலைவன் பதில் சொல்கிறான். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் கொல்லிப்பாவை நின்ற இடத்தை விட்டு அசையாது. அவளும் என் நெஞ்சை விட்டுப் போக மாட்டாள். பாவை இங்கே ஒருவனையும் கொல்லவில்லை. ஒருவனுடைய மனத்திலிருந்து நீங்காத நினைவுக்கு உவமையாக நிற்கிறாள்.

வாசனை? அது குறுந்தொகை 199இல் இருக்கிறது. இதுவும் பரணர். அந்தப் பாட்டில் பாவை இல்லை, மலைக் காடு இருக்கிறது. ஓரியின் காட்டைத் தொட்டுவிட்டு வீசுகிற காற்றைப் போல மணக்கிறது அவள் கூந்தல் என்கிறான் தலைவன். அவளை அடைவது நடக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் இந்த நோய் முடிவில்லாதது, மறு உலகம் வரைக்கும் தொடர்ந்து வரும் என்று தன் நெஞ்சிடமே சொல்லிக்கொள்கிறான். என் மலையின் காற்று, ஒரு பெண்ணின் கூந்தல், விடாத பித்து மூன்றும் ஒரு சிறு பாட்டில். எனக்குத் தெரிந்து கொல்லிமலையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதற்கு மேலான ஒன்று இல்லை. கிரெனூய்க்கும் இவனுக்கும் ஒரே நோய்தான். இவன் அதை எடுத்துக்கொண்டு போய் அவளைத் தொடவில்லை, தன்னோடு சுமந்துகொண்டு போகிறான்.

இந்தப் பாட்டுகள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது அண்மையில்தான். நற்றிணையைப் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் உரையோடு 1915இல் பெற்றோம். உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937. பாட்டு புரிய வேண்டுமென்றால் பாவை யாரென்று சொல்ல வேண்டும். அப்படித்தான் வாடை பட்டதும் நகைத்து, கண்ணையும் உள்ளத்தையும் கவர்ந்து, வேட்கையை மூட்டி, முடிவில் கொல்லும் மோகினி போன்ற உருவம் என்ற விளக்கம் பாட்டின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. உரைகாரர்களின் உழைப்புக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவள். ஆனாலும் அந்த விளக்கத்தில் ஒன்று என்னை உறுத்துகிறது. பாட்டில் நோய் அவனுடையதாக இருந்தது. விளக்கத்தில், நோயை உண்டாக்குகிறவள் பாவை ஆகிவிட்டாள்.

சமவெளி ஏன் இந்த மலையைக் கொல்கிற மலையாகவே வாசித்தது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. காய்ச்சல். சாலையும் மருந்தும் வருவதற்கு முன்னால் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழிருந்து யாரும் இங்கே ராத் தங்க மாட்டார்கள் என்று ஆயா சொல்வாள். பக்கத்தில் ஏற்காடு தோட்டமும் பங்களாவுமாக வளர்ந்தபோது கொல்லி ஒதுங்கியே கிடந்தது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி மனைவி ஈவ்லினோடு இங்கே குடியேறி, மருந்து கொடுத்து, பள்ளி வைத்து வாழ்ந்தார். அவரை 1929இல் கொண்டுபோனது மலேரியா முற்றி வருகிற கருநீர்க் காய்ச்சல். இந்த மலையில் ஓடியாடி வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய பெரிய அறுவை மருத்துவர். ஈவ்லின், ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகும் மலைகளை விடாமல் வேலை செய்து 1974இல் இறந்தார்.

கெட்ட வாடைதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று ஐரோப்பிய மருத்துவமே நெடுங்காலம் நம்பியிருந்தது. ஜூஸ்கின்டின் பாரிஸ் அந்தப் பயத்தில் வாழ்ந்த ஊர்தான். கிரெனூய் பிறந்த மீன் சந்தையை ஒட்டிய அந்த இடுகாட்டை நாற்றம் தாங்காமல் 1780இல் மூடினார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். அதற்கு முன்னால் மலை ஏறி வந்து, எதுவும் கண்ணில் படாமல், பத்தாம் நாள் நடுங்கிப் பிதற்றிச் செத்தவனின் சாவை ஊர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கும்? மலையில் ஏதோ ஒன்று வந்தவனை மோப்பம் பிடித்துவிட்டது என்று ஒரு கதை எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை. இதற்கு என்னிடம் சான்று இல்லை, மலையில் வளர்ந்தவளின் யோசனை இது.

எங்கள் மக்களும் பாவைக்கு முன்பிருந்தே இங்கே இருந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழி என்பதுதான் மலையாளிப் பழங்குடிகளான எங்கள் வழக்கு. பெரியண்ணனைக் கும்பிடுகிறோம். அறப்பளீஸ்வரரைக் கும்பிடுகிறோம். பாவையை எட்டுக்கை அம்மனாகக் கும்பிடுகிறோம். எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள், அம்மன் சிரிக்குமா என்று பூசாரியிடம் கேட்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மருமகனுக்குக் குடி, பத்திரத்தில் வில்லங்கம் என்று அவரவர் குறையைச் சொல்லிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு போவார்கள்.

குறுந்தொகை 199ஐப் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துகிறேன். நம் காட்டுக் காற்றின் மணம் ஒரு பெண்ணின் கூந்தலுக்கு உவமையாக இரண்டாயிரம் வருடம் வாழ்ந்திருக்கிறது என்று சொல்லும்போது வகுப்பில் முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியில் போய்ப் படிக்கும்போது மந்திரம் வைப்பீர்களா என்று கேட்கிறவர்களிடம் சொல்வதற்கு அவர்களுக்கு இந்த ஒரு பாட்டாவது கையில் இருக்க வேண்டும்.

போன முறை நடத்தியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மிஸ், அவன் மறு உலகம் வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருப்பான், சரி. அந்தப் புள்ளைக்கு அவனப் புடிச்சிருந்துச்சா?"

பரணர் அதைச் சொல்லவில்லை. பாட்டில் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அவளுக்குக் கூந்தல் இருக்கிறது, நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது, பேச்சு இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் அப்படியே சொன்னேன். என் அத்தை பெயர் கேட்டதையும், அந்த நாவலின் கதையையும் பெரிய பிள்ளைகள்தானே என்று வகுப்பில் சொன்னேன். அடுத்த வாரம் கட்டுரைப் பயிற்சிக்கு அதையே தலைப்பாகக் கொடுத்தேன்: குறுந்தொகை 199க்கு அவள் சொல்லும் பதிலை எழுதுக. வந்த தாள்களில் பாதிக்கு மேல், அவனைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று அவள் சொல்கிறாள்.